மூன்று ஜோடி சாக்ஸும் ஓர் ஐஸ் கட்டியும்

அரசாங்கத்துக்கு நாற்காலி வாங்குவதற்காக எழுதப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு தன் காலுக்குச் சாக்ஸ் தேர்ந்தெடுத்த மனிதன் இந்தியாவில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் தெரிவிக்கவும். ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம். அதற்கு விதிமுறைகள் எழுதித் தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு மத்திய அரசு கணக்கு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. பயண விதி, விடுப்பு விதி, கொள்முதல் விதி எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். யாராவது லீவு வேண்டும் என்று வாயைத் திறந்தால், எந்த லீவு, எந்த விதியின் கீழ், என்ன காரணத்தால் கிடைக்காது என்பதுவரை சொல்லிவிடுவேன். அதனால் நண்பர்கள் குறைவு. (இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.)

மாட்டுங்காவில் அக்கா வீட்டில் ஜாகை. அக்காவின் கணவர், அதாவது என் அத்திம்பேர், பெரிய ஊர்க்காரிய மனிதர். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தல், நாயனம், ஐஸ், வாடகை நாற்காலி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது அவர்தான். யாரும் கேட்காவிட்டாலும் செய்வார்.

எங்கள் தலைக்கு மேல் மாடியில் பட்டாபி மாமாவின் குடும்பம். மாமா ரயில்வேயில் பண்டகசாலைக் கணக்கு பார்த்தவர். மனைவி கோமதி மாமி, மாதர் சங்கத்தின் காரியதரிசி. ஒரே பெண் சரோஜா, பள்ளிக்கூட டீச்சர். ஒரு நாள் மாடிப்படியில் எதிரே வந்தவள், "நீங்க படி ஏறும்போதும் ரூல் பார்த்துண்டுதான் ஏறுவேளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குத் தகுந்த பதில் எனக்கு அடுத்த மழைக்காலத்தில்தான் தோன்றியது. அதற்குள் அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது.

பெரியவர்கள் பேசினார்கள். ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் சம்மதம் மட்டும் பாக்கி. சரோஜா, "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருந்தாள். அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எனக்குச் சிம்லாவில் பயிற்சி என்று உத்தரவு வந்தது. டிசம்பர் மாதத்தில்.

பம்பாய்க்காரர்களுக்குக் குளிர் என்பது பத்திரிகையில் படிக்கிற சமாசாரம். ஜனவரியில் சில நாள் ஃபேன் போடாமல் தூங்க முடிந்தால், "என்ன குளிர், என்ன குளிர்!" என்று மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஜனங்கள் நாங்கள். ஆகவே நான் சிம்லா போகிறேன் என்றதும் கட்டடம் முழுவதும் எனக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. எல்லோரும் ஒரே விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: குளிர் காலில்தான் ஏறும், காலிலிருந்து தலைக்குப் போகும்.

"உனக்குத் தலை ஏற்கெனவே உறைஞ்சுதான் இருக்கு. காலையாவது பார்த்துக்கோ" என்றார் அத்திம்பேர்.

எனவே கம்பளிச் சாக்ஸ். ஒரு சாதாரண மனிதன் கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கியிருப்பான். நான் கணக்கு அலுவலகத்தான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது என்று பிறருக்குப் பாடம் எடுப்பவன். மூன்று ஜோடிகளைச் சேகரித்தேன்.

முதலாவது, ஸ்டேஷன் வாசல் பிளாட்பாரத்தில் குளிர்காலத்துக்கென்று வடக்கேயிருந்து வந்து கடை விரித்திருந்த ஒருவரிடம் வாங்கியது. "பனியிலே போட்டா வேர்க்கும் சாப்" என்று ஹிந்தியில் சத்தியம் செய்தார். இரண்டாவது, என் சூப்பரின்டெண்ட் குல்கர்ணி ஒரு காலத்தில் டில்லியில் இருந்தபோது போட்டுக்கொண்டது. அந்துருண்டை வாசனையோடு இரவல் கொடுத்தார். மூன்றாவது ஜோடிதான் இந்தக் கதை.

அதை அக்கா கொண்டுவந்தாள். எல்லையில் சண்டை நடந்த சமயம் மாதர் சங்கத்தில் ஜவான்களுக்காகப் பின்னல் வகுப்பு ஆரம்பித்தார்கள். சண்டை நின்ற பிறகும் வகுப்பு நிற்கவில்லை. அதில் மிஞ்சிய ராணுவப் பச்சைக் கம்பளியில், சரோஜா தன் கையால் பின்னிய சாக்ஸ்.

"சரோஜா கொடுத்தனுப்பினா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் சாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். "பின்னல் ஒரே சீரா இல்லை. சரி, இதோட மூணு ஆச்சு" என்றேன்.

"என்னடா மூணு?"

"மூணு கொட்டேஷன். இனிமே ஒப்பிட்டுப் பார்த்து, எது தேறறதோ அதை எடுத்துண்டு போவேன்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். யோசித்துச் சொல்கிறேன் என்ற பெண், யோசித்து முடித்து, நாலு ஊசி பிடித்துப் பின்னி, பதிலைக் காலுக்கே அளவெடுத்து அனுப்பியிருக்கிறாள் என்பது அந்தக் கட்டடத்தில் பால்காரருக்குக்கூடப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

ஒப்பிடுவது என்றால் சோதனை வேண்டும். குளிருக்கான சோதனைக்குக் குளிர் வேண்டும். பம்பாயில் அதற்கு எங்கே போவது? அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாதர் சங்கத்தின் ஆண்டு விழா. ரோஸ் மில்க்குக்கு ஐஸ் ஏற்பாடு வழக்கம்போல் அத்திம்பேருடையது. மத்தியானம் தாராவி ஓரத்தில் இருந்த ஐஸ் ஃபேக்டரிக்குப் போய் லாரி ஏற்றிவிட்டு வருவதாக அவர் கிளம்பினார். நானும் மூன்று ஜோடி சாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"நீ எதுக்குடா?"

"ஒரு சின்ன வேலை" என்றேன். சின்ன வேலை என்று சொல்லிக்கொண்டு நான் செய்த எதுவும் சின்னதாக முடிந்ததில்லை.

ஃபேக்டரியில் மேஸ்திரி சுடலைமுத்து அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். அத்திம்பேரோடு பல கல்யாணங்கள் பழக்கம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், ஒங்க மச்சினரு சொல்லுகது நெசந்தானா? ஐஸு மேல ஏறி நிக்கணுமாம்லா?"

"அவன் அப்படித்தான், அண்ணாச்சி" என்றார் அத்திம்பேர்.

"குளிருதான்னு பாக்கணும்னா கைய வச்சுப் பாத்தாப் போதாதா?"

"கையில சாக்ஸ் போட்டுக்க முடியாதே, அண்ணாச்சி" என்று விளக்கினேன்.

இந்த வாதம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "அதுவுஞ் சரிதான்! ஏலே முருகையா, ஓரம் ஒடைஞ்ச கட்டி ரெண்டு இங்கன தள்ளுல. ஆபீசரு சிம்லாவுக்குப் பழகப் போறாரு!" என்று கத்தினார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

அப்போதுதான் நடைமுறையில் ஒரு சிக்கல் தெரிந்தது. சாக்ஸ் மூன்று வகை. போடாத கால் ஒன்றும் ஒப்பிடுவதற்கு வேண்டும். ஆக நான்கு கால்கள். என்னிடம் இருந்தது இரண்டு.

"அத்திம்பேர், ஷூவைக் கழட்டுங்கோ."

அத்திம்பேரின் இடது காலுக்கு குல்கர்ணியின் சாக்ஸ். என் இடது காலுக்குச் சரோஜாவின் சாக்ஸ், வலது காலுக்குப் பிளாட்பாரத்துச் சாக்ஸ்.

"என் வலது காலுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் கிடையாது. அதுதான் வெறுங்கால்."

"அது ஏண்டா என் காலா இருக்கணும்?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா டிரெயினிங் போயிடும். உங்களுக்கு ஆச்சுன்னா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட ஒரே குற்றத்துக்காக அந்த நல்ல மனிதர் ஐஸின் மேல் ஏறினார். ஏறின கையோடு இறங்கிவிட்டார். நடுவில் அவர் சொன்ன வார்த்தையை மாட்டுங்காவில் அதற்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு மானத்துக்குப் பயந்து, சாக்ஸ் போட்ட ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி மறுபடி ஏறி நின்றார்.

நான் விடாமல் நின்றேன். பிளாட்பாரத்துச் சாக்ஸ் வேர்க்கும் என்றாரே, அது ஈரமானது மட்டும் உண்மை. வலது கால் விண்விண் என்று தெறித்தது. தூக்கினேன், வைத்தேன், தூக்கினேன், வைத்தேன். சுற்றி நின்றவர்கள் அதற்கேற்பக் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். "ஆட்டத்தப் பாருல!" என்று ஒருவன் விசில் அடித்தான். குல்கர்ணியின் சாக்ஸில் அத்திம்பேரும் சேர்ந்து குதித்தார். மத்திய அரசின் கொள்முதல் விதிகள் இவ்வளவு உற்சாகமாக அமல்படுத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

"போதும் சார், எறங்குங்க" என்றார் அண்ணாச்சி.

வலது கால் இறங்கியது. இடது கால் வரவில்லை.

உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ், நம் வீட்டு டம்ளரில் மிதக்கும் ஐஸ் மாதிரி சாது அல்ல. ஈரமான எதுவும் அதன் மேல் அசையாமல் நின்றால் பிடித்துக்கொள்ளும். அண்ணாச்சி இதை எனக்குப் பிறகு சொன்னார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இவ்வளவு நேரம் அசையாம நிப்பியன்னு யாரு கண்டா?" என்றார்.

முருகையாவும் இன்னொருவரும் என்னை இடுப்பில் பிடித்து இழுத்தார்கள். கால் உருவிக்கொண்டு வந்தது. சாக்ஸ் வரவில்லை. ஐஸின் மேல் வாயைத் திறந்துகொண்டு, விறைப்பாக, அணிவகுப்பில் நிற்கும் ஜவான் மாதிரி தனியாக நின்றது.

"அது தானாக் கழண்டுரும். மொதல்ல ஒங்க காலு சூடாவட்டும். வாங்க, டீ குடிப்போம்" என்று அண்ணாச்சி எங்களைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப்போனார். அங்கே அடுப்புக்கு முன்னால் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து என் தீர்ப்பை அறிவித்தேன்: "குல்கர்ணி சாக்ஸ் சுமார். பிளாட்பாரம் மோசம். சரோஜாவோடது ஒட்டிண்டுடுத்து, அதனால தேறலை."

திரும்பி வந்தோம். நான் நின்ற கட்டி இருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"லாரி போயிட்டு அண்ணாச்சி. முருகையா எல்லாத்தையும் மரத்தூளு போட்டுச் சாக்கு மூடி ஏத்திக்கிட்டுப் போயிட்டான்" என்றார் அங்கிருந்த ஒருவர்.

"எங்கே?" என்றேன்.

அத்திம்பேரின் முகம் அவருடைய வலது கால் நிறத்துக்கு வந்தது. "நம்ம ஆர்டர்டா, சீனு" என்றார். "மாதர் சங்கம்."

விழாவில் பின்னல் கண்காட்சி உண்டு. ஐஸை இறக்கிக்கொள்ளப்போவது கோமதி மாமி. உடைத்துக் கொடுக்கப்போவது பட்டாபி மாமா. பக்கத்தில் நிற்கப்போவது சரோஜா. அவள் பின்னிய சாக்ஸ் அவள் அம்மாவின் சங்கத்து ரோஸ் மில்க்குக்கான ஐஸில் முளைத்து நிற்கப்போகிறது. அவள் இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. இதற்குப் பிறகு சொல்வாளா?

எங்கள் ஷூக்கள் ஃபேக்டரி அறையில் பூட்டிக் கிடந்தன. சாவி முருகையாவின் இடுப்பில். முருகையா லாரியில். வேறு வழியில்லாமல் அப்படியே ஓடிப்போய் ஒரு டாக்சியில் விழுந்தோம். முழங்கால்வரை சுருட்டிய பேன்ட்டும் ஆளுக்கு ஒற்றைச் சாக்ஸுமாக ஏறிய இரண்டு கனவான்களை டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அஸ்பதால், சாப்?" என்றார் அனுதாபத்தோடு.

ஆஸ்பத்திரி இல்லை, மாட்டுங்கா என்றோம். "வஹான் பீ ஹோகா" என்று வண்டியை விட்டார். அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கும் என்று ஆறுதல் சொல்கிறாராம்.

சயான் தாண்டியும் அந்த லாரியின் பின்பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. விழா மண்டபத்து வாசலில்தான் பார்த்தேன். காலியாக நின்றது. பின்கட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"கால்! ஐஸ்ல யாரோட காலோ இருக்கு!"

ஓடினோம். சாக்கை விலக்கியிருந்தார்கள். மரத்தூளுக்கு நடுவே பச்சைச் சாக்ஸ் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. மாமிகள் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார்கள். ஒரு மாமி பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு மயக்கம் போட்டார். "ராணுவப் பச்சை! எந்த ஜவானோட காலோ, பாவம்" என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டாபி மாமா மரச் சுத்தியலை ஓங்கிய கையோடு நின்றார்.

சரோஜா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் இல்லைம்மா. வெறும் சாக்ஸ்" என்றாள். "இந்தக் குதிகாலை நான் பிரிச்சுப் பிரிச்சுப் பின்னினேன். எனக்குத் தெரியாதா?"

நிமிர்ந்தாள். வாசல்படியில் நான். அவள் பார்வை என் முகத்தில் ஆரம்பித்து, சுருட்டிய பேன்ட் வழியாக இறங்கி, ஒற்றைச் சாக்ஸில் வந்து நின்றது.

"இன்னொண்ணு எங்கே?"

"பையில இருக்கு" என்றேன்.

அதன் பிறகு, மாதர் சங்கம் முழுவதும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கொட்டேஷன், நான்கு கால்கள், வெறுங்காலின் அவசியம், எதையும் விடவில்லை. (பொய் சொல்ல எனக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பொய் சொல்லத் தோன்றவில்லை என்பதே சரி.)

பட்டாபி மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். பண்டகசாலைக்காரரின் கண்கள் கூர்மையாயின. "சீனு, ஒரு சந்தேகம். மத்த ரெண்டும் சரி. அன்பளிப்பா வந்த பொருளை எந்த விதிப்படி கொட்டேஷன்ல சேர்த்தே?"

அன்பளிப்பை ஒப்பிடக் கூடாது. நன்றியோடு பெற்றுக்கொள்ள வேண்டும். விதி இருக்கிறது. எனக்குத் தெரியும்.

"அப்பா, நீங்க சும்மா இருங்கோ" என்றாள் சரோஜா. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைக் கேட்கிற குரலில் என்னைக் கேட்டாள்: "என் சாக்ஸ் என்ன ஆச்சு? தேறித்தா?"

"தேறலை" என்றேன். மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்?"

"ஒட்டிண்டுடுத்து."

"அந்தப் பிளாட்பாரத்துச் சாக்ஸ் ஏன் ஒட்டலை?"

"அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வச்சேன்."

"ஏன் தூக்கினேள்?"

"ஐஸ்னா குளிராதா? தாங்க முடியலை."

"அப்போ என் சாக்ஸ் போட்ட கால்?"

யோசித்தேன். "அதைத் தூக்கணும்னு தோணவே இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவள் பின்னிய சாக்ஸுக்குள் என் கால் ஐஸ் இருக்கிற நினைப்பே இல்லாமல் சுகமாக இருந்திருக்கிறது. அதனால்தான் அசையாமல் நின்றது. அதனால்தான் ஒட்டியது. அதற்குப் பரிசாக நான் அதைத் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

சரோஜா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்தாள். கோமதி மாமி சிரித்தார். நாற்காலியில் மயக்கத்தில் இருந்த மாமி, கண்ணைத் திறக்காமலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாசலில் காசுக்காகக் காத்திருந்த டாக்சிக்காரர், ஒரு வார்த்தைகூடப் புரியாமல் தானும் சிரித்தார்.

"அப்பா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேனே, யோசிச்சாச்சு" என்றாள் சரோஜா. "இவரை இப்படியே தனியா விட்டு வைக்கறது ஊருக்கே ஆபத்து. சிம்லாலேர்ந்து வந்ததும் முகூர்த்தம் பார்த்துடுங்கோ."

அன்று ரோஸ் மில்க் வெதுவெதுப்பாகவே பரிமாறப்பட்டது. மற்றக் கட்டிகள் சுத்தமானவை என்று அத்திம்பேர் சத்தியம் செய்தார். ஒற்றைச் சாக்ஸோடு நிற்கும் மனிதரின் சத்தியத்துக்கு மாமிகள் மதிப்புக் கொடுக்கவில்லை. சரோஜா ஐஸ் கட்டியைக் கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் தள்ளவைத்து, சாக்ஸ் விடுபடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். நிறையப் பேசினோம். என்ன பேசினோம் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விவரம்.

இழுத்த இழுப்பில் அந்தச் சாக்ஸ் முழங்கால்வரை நீண்டுவிட்டது. சிம்லாவில் குளிர்காலம் முழுவதும் இடது கால் மட்டும் கூடுதல் சௌகரியத்தோடு இருந்தேன்.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எங்கள் வீட்டில் எது வாங்கினாலும், புடவையோ, குக்கரோ, செம்பூரில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டோ, நான் கொஞ்சம் தயங்கினால் போதும். "ஐஸ்ல ஏத்திப் பார்த்துடலாமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அத்திம்பேர் வந்திருந்தால் பேச்சே இல்லாமல் வலது காலைக் காட்டுவார்.

என் பெண் ஒரு நாள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைச் செம்பூர் வீட்டுக்கு அழைத்து வந்து, இவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, உங்க படிப்பு, வேலை, குடும்பம்..." என்று முறைப்படி ஆரம்பித்தேன். சரோஜா எழுந்து உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. ஐஸ் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் டீப்பாயின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பையனுக்குக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தட்டை எடுத்துத் தரையில் வைத்தான். எழுந்து நின்றான். சாக்ஸ் போட்ட ஒரு காலை அதன் மேல் வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டான்:

"எவ்ளோ நேரம் நிக்கணும் அங்கிள்?"